இரண்டாவது சீட்டு

எங்கள் தொகுதி இப்போது இல்லை. அறுபத்தேழு தேர்தலுக்குக் கோடு மாற்றிப் போட்டவர்கள் அதைத் துண்டு போட்டு அக்கம்பக்கத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள். ஒழிந்தது சனியன்!

ஐம்பத்தேழில் அது இரட்டைத் தொகுதி. பொது இடம் ஒன்று, எங்கள் சனத்துக்கான தனி இடம் ஒன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. தனி இடத்துக்கு எங்கள் தெரு சடையாண்டி நின்றார். பொது இடத்துக்குப் பெரிய தோட்டத்து மலைச்சாமி. எங்கள் தெருவுக்குக் கிணறு கிடையாது. மாடு குளிக்கிற குட்டைதான்.

மூன்றாவது வரை படித்தவன் நான் ஒருவன் என்பதால் மலைச்சாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏலே கருப்புசாமி, ஒரு சீட்டு ஒங்காளுக்கு, இன்னொண்ணு எனக்கு. சரின்னா இன்னைக்கே எங்கிணத்துல தண்ணி எடுத்துக்கங்க."

"சரிங்க சாமி" என்றேன்.

பத்து நாள் நல்ல தண்ணீர் குடித்தோம். என் மனைவி மூக்காயி, "சோறே வெள்ளையா வெந்திருக்கு பாருங்க" என்று பூரித்துப் போனாள். நான் வீடு வீடாகப் போய் இரண்டு பானையை வைத்து, இதில் ஒன்று, அதில் ஒன்று என்று பழக்கினேன். ஒருவர்கூடத் தவறவில்லை.

தேர்தலன்று மறைப்புக்குள் எங்கள் ஆளுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. பார்த்ததும் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. சாமிக்கு ஒற்றைக் கையால் காணிக்கை போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இரண்டு கையையும் சேர்த்துப் போட்டார்கள், இரண்டு சீட்டோடும்.

சடையாண்டி தோற்றார். மலைச்சாமி எண்பத்து மூன்று ஓட்டில் தோற்றார். எங்கள் சாவடியில் செல்லாத சீட்டு மட்டும் நூற்றுப் பத்து. மறுநாளே கிணற்றுமேட்டில் இலந்தை முள் கிடந்தது.

"எந்தண்ணியக் குடிச்சுப்புட்டு எனக்கே துரோகமாலே?" என்றார்.

அறுபத்திரண்டில் ஒற்றைத் தொகுதியானது. ஜெயித்தவரிடம் கிணறு கேட்டு மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் 'பாப்பம்' என்றார். அறுபத்தேழில் ஜெயித்தவர் பழைய மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தத் தொகுதியே இப்ப இல்லையேப்பா. புதுசா எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோடையில் குட்டைத் தண்ணீர் மூக்காயியை வாந்திபேதியில் தள்ளியது. ஒரே பகல்தான் தாங்கினாள்.

"நாந்தேன் ரெண்டையும் நம்ம சடையாண்டி பெட்டியில போட்டுப்புட்டேன். நீங்க அம்புட்டு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்கல. என்னைய மன்னிச்சிருங்க" என்று என் கையைப் பிடித்தாள்.

நீ மட்டுமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நானும் இரண்டு கையாலும்தான் போட்டேன்.