கூரைமேல் ஒரு விரல்

சத்யப்பிரியா பஸ்ஸை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒரு முழ நீளம். ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டி, சிவப்பு எனாமல் அடித்தது. என் மகள் ஜெனிதா அரியலூரில் கல்லூரிக்குப் போய்வந்த திருமானூர் பஸ்ஸை அப்படியே சிறியதாக்கிச் செய்திருந்தாள். அவள் இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம்.

"கூரையில ஒரு வெரல் அடையாளம் இருக்கும்மா. பெயிண்ட் ஈரமா இருக்கறப்ப பட்டிருக்கு. தண்ணி தொட்டு நைஸ் உப்புத்தாள்ல தேச்சா போயிடும். மேல கிளியர் வார்னிஷ் அடிச்சா பளபளன்னு ஆயிடும், சின்ன குறைகூட அப்பட்டமா தெரியும்."

"தேய்க்காத," என்றேன். "அது அவ வெரலு."

அவள் பஸ்ஸை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

சத்யப்பிரியாவுக்குப் பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக் ஆபீஸில் வேலை. பஸ் மாடல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெனிதாவோடு பழக்கம். வருஷப் பூசைக்கு முன்னால் இதை முடித்து, போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று என் கணவர் அடைக்கலசாமிதான் அவளை வரச் சொன்னார். சொன்னாரே தவிர, இந்த ஒரு வருடத்தில் அவர் பஸ்ஸைத் தொட்டதில்லை. வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

நான் தினமும் தொட்டேன். காலையில் அடுப்பை அணைத்ததும் வந்து, அந்த அடையாளத்தின்மேல் என் கட்டைவிரலை வைப்பேன். ஆரம்பத்தில் வரிகள் விரலில் நெருடும். இப்போது நெருடல் குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு முறை என்று வைத்துத் தேய்த்து, மிச்சமிருக்கிற அவளையும் நானே அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.

"கிளியர் போட்டா வெரல் உள்ள பத்திரமா இருக்குமா?"

"மெலிசா அடிச்சா இருக்கும். தடியா அடிச்சா வரியெல்லாம் ரொம்பி மறைஞ்சிடும். நான் பாத்து அடிக்கிறேன்." கொஞ்சம் சிரித்தாள். "ஜெனி என் பஸ்ஸைப் பாத்துட்டு, சாம்பார்ல முக்கி எடுத்தியாடின்னு கேட்டா. அதுக்கப்பறம்தான் நான் ஒழுங்கா அடிக்கப் பழகுனேன்."

நான் பீரோவைத் திறந்து அந்த ஸ்பிரே டப்பாவை எடுத்துவந்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில், அவள் செருப்போடும் போனோடும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் சுண்ணாம்புக்கல் லாரி அவள் ஸ்கூட்டியின்மேல் ஏறியது.

"இதையே அடி," என்றேன். "இதுக்குத்தான போனா."

சத்யப்பிரியா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "இது தின்னர் கிளியர்மா. காருக்கு அடிக்கிறது. எனாமல் மேல பட்டா பெயிண்ட் சுருட்டிக்கும். தண்ணி கிளியர்தான் அடிக்கணும், நான் கொண்டாந்திருக்கேன்."

"அவளுக்கு அது தெரியாதா?"

"தெரியும்மா. தண்ணி கிளியர் ஆர்டர் போடப்போறேன், வர ஒரு வாரம் ஆவும்னு அதுக்கு மொத நாள்தான் மெசேஜ் போட்டிருந்தா. அப்பறம் ஏன் இதை வாங்குனான்னு எனக்கும் தெரியல."

எனக்குத் தெரியும். அன்று காலை அவள் கூரைக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் நாற்றம். ஒரு வாரத்துக்கு இந்தக் குப்பையைச் சோற்று மேசைமேல் வைத்திருக்க முடியாது என்றேன். டவுனில் கிடைக்கிறதை வாங்கிவந்து இன்றைக்கே முடி என்றேன். அது வேறம்மா, இது வேற என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். எனக்கு எல்லாம் ஒண்ணுதான், போ என்றேன். நான் சொன்ன பிறகு அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. உதவாது என்று தெரிந்தே ஒரு பொருளை வாங்கப் போனாள். என் வாயை அடைக்கப் போனாள்.

"அடியில கொஞ்சம் அடிச்சுக் காட்டு," என்றேன்.

"வேணாம்மா."

"காட்டு."

அவள் பஸ்ஸைக் கவிழ்த்து, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு நொடி அடித்தாள். முதலில் பளபளத்தது. பிறகு ஆறுகிற பாலில் ஆடை படிவதுபோலச் சிவப்பு மெல்லச் சுருங்கி மேலெழுந்தது. டப்பாவை நான் வாங்கி மறுபடி பீரோவில் வைத்தேன். தூக்கி எறிய எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவள் தன் சின்ன கம்ப்ரசரை ஓடவிட்டாள். முதல் பூச்சு பனி விழுந்ததுபோல, இருப்பதே தெரியாமல். காயவிட்டாள். இரண்டாவது. மறுபடி காயவிட்டாள். மூன்றாவது பூச்சில் கூரை ஈரமாக மின்னியது. ஜன்னல் கம்பிகள் அதில் தெரிந்தன. நடுவில் அந்த விரலும்.

"சூப்பரா வந்திருக்கும்மா." அவள் போனில் படம் எடுத்து, விரலால் விரித்துப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினாள். "வரியெல்லாம் மங்கலாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, குறுக்க ஒரு வெட்டு போவுதே, அதுகூட தெரியுது. ஜெனிக்குக் கையில காயம் ஏதாச்சும் பட்டிருந்துச்சா?"

ஜெனிதாவின் கையில் எந்தக் காயமும் இல்லை. அவள் ஆறாவது படிக்கும்போது, மீன் அரிகையில் அரிவாள்மனை என் வலது கட்டைவிரலைச் சாய்வாகக் கிழித்தது. மூன்று தையல்.

ஜெனிதா இறந்த அன்று சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவளை இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரவில்லை. நான் இந்த அறைக்கு வந்து, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மேசையைப் பிடித்தேன், பிறகு பஸ்ஸை. பெயிண்ட் பிசுபிசுத்தது. கையை எடுத்துப் பார்த்தபோது அங்கே ஒரு விரல் இருந்தது. அவளுடையது என்று நினைத்தேன். அதற்கு முன்னால் அங்கே ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. இருந்திருந்தாலும் அதன்மேல்தான் நான் அழுத்தியிருக்கிறேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. தையல்காயம். சின்ன வயசுல."

என் கணவர் வாசற்படியில் வந்து நின்றார். "முடிஞ்சிடுச்சாம்மா?"

"வாங்கப்பா, உள்ள வந்து பாருங்க. ஜெனி வெரல் அப்படியே இருக்கு."

அவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"பாப்பா வெரலா புஷ்பம்?" என்று என்னைக் கேட்டார்.

நான் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டேன்.

"ஆமா."

கோயிலில் மாதா சுரூபத்தைத் தொட்டு முத்தமிட நீட்டுவதுபோல அவர் கையை நீட்டினார்.

"ஐயோ அப்பா, ஈரம்," என்று சத்யப்பிரியா தடுத்தாள். "முழுசா காய நாளைக்கு ஆவும். அப்பறம் எவ்ளோ தொட்டாலும் அழியாது."

"அழியாதுல்ல?"

"அழியாதுப்பா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்தார்.