வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள்

பழைய மேடை நாடகம் ஒன்றைப் படமாக எடுத்தார்கள். ஒரு பெரிய வீட்டுக்கு விசாரிக்க ஒருவர் வருவார். ஏழைப் பெண் ஒருத்தி செத்துப்போனதில் அந்த வீட்டில் ஆளுக்கொரு பங்கு இருப்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். மேடையில் அந்தப் பெண் கடைசிவரை வரவே மாட்டாள். படத்தில் வந்தாள். தண்ணீரிலிருந்து எடுத்த உடம்பை மேசைமேல் கிடத்தியிருக்கிற மாதிரி ஒரு காட்சியை இயக்குநர் புதிதாகச் சேர்த்தார்.

அப்படிக் கிடந்தவள் யூனிட்டுக்குத் துணி தைக்கும் தையலக்காவின் ஒரே மகள். வீட்டில் அவள் பெயர் வாலு. ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு அசையாமல் படுக்கிற வேஷமா என்று அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் காட்சியை இரண்டு நாள் எடுத்து முடித்த மறுவாரம் வாலு உண்மையிலேயே செத்துப்போனாள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே காரியம் கைமீறிப் போயிருந்தது.

அதற்கப்புறம் தையலக்காவின் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவன் உதவி இயக்குநர். செருப்பைக் கழற்றும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஷாட்டில் தலை எவ்வளவு நனைந்திருந்ததோ அடுத்த ஷாட்டிலும் அவ்வளவு நனைந்திருக்க வேண்டும். அதைத்தான் கன்டினியூட்டி என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"குளிருது, துண்டு குடுங்கண்ணான்னு கேட்டா அக்கா. தலை காஞ்சிடும், வேணாம்னுட்டேன். நான்தான்க்கா சொன்னேன்."

"நீ என்னப்பா பண்ணுவே? உன் வேலை அது. விடு, அழாதே. டீ குடிக்கிறியா?"

குடித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். போகிற போக்கில், "கவலைப்படாதீங்கக்கா, படத்துல ஸ்கிரீன் முழுக்க அவ மூஞ்சி வருது" என்றான். அவன் சொன்னதில் தையலக்காவின் காதில் ஏறியது அது ஒன்றுதான். மகளுடைய நல்ல போட்டோ என்று வீட்டில் ஒன்றும் கிடையாது. படம் பிடிக்கக் கூப்பிட்டாலே நாக்கைத் துருத்துவாள், இல்லை ஓடிவிடுவாள். அசையாத முகம் அவளுக்கு வாய்த்தது அந்தப் படத்தில்தான். தியேட்டரில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் முகம் நன்றாகத் தெரியும் என்றுகூட அம்மா யோசித்து வைத்துவிட்டாள்.

அடுத்து கேமராமேன் வந்தார். ஜன்னல் திரை பறக்க வேண்டும் என்று பெரிய மின்விசிறியை அவள் பக்கம் திருப்பச் சொன்னது அவராம். பிறகு மேக்கப்காரம்மா வந்தாள். உதடு நீலமாக இருக்கிறதே, என் வேலையை மிச்சம் பண்ணிவிட்டாயே என்று கேலி பேசினாளாம். அதைச் சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். பணக்கார வீட்டு மகளாக நடித்த நடிகை காரில் வந்து இறங்கி, ஒரு கூடைப் பழத்தை வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். பிணத்தைப் பார்த்து அழ வேண்டிய இடத்தில் அவளுக்குக் கண்ணீர் வரவில்லையாம். திரும்பத் திரும்ப டேக் கேட்டாளாம், அத்தனை நேரமும் வாலு ஈரத்தோடு கிடந்தாளாம். இப்போது மட்டும் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அவள் போன பிறகும் அவளுடைய சென்ட் வாசனை தையலக்காவின் தோளை விட்டுப் போகவில்லை.

கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படியும் சொல்ல முடியாது. எல்லாருமே மனசாட்சிக்குப் பயந்த நல்லவர்கள், எரிச்சலே அதுதான். தொங்கிய முகத்தோடு வருவார்கள். மூட்டையை அவள் முன்னால் இறக்கி வைத்து, என்மேல் கோபம் இல்லையே என்று கேட்பார்கள். அவள் பரவாயில்லை என்று சொன்னதும் லேசாகப் படியிறங்கிப் போவார்கள். பெற்ற மகளைப் பறிகொடுத்தவள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழ நேரமே கிடைக்கவில்லை.

கடைசியாக இயக்குநர் வந்தார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எடிட்டிங் ரூம்ல அந்த ஷாட் வர்றப்பெல்லாம் எந்திரிச்சு வெளிய போயிடறேன்மா. என்னால பார்க்க முடியல. அதனால அதை எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா?"

"படத்துல அது இருக்காது. அவளுக்கு நாம செய்யற மரியாதை அது."

தையலக்கா ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றாள். "மரியாதையெல்லாம் வேணாம் சார். அவ அங்க இருக்கட்டும். நான் அவளைப் பார்க்கணும் சார்."

"நீங்க எப்படிம்மா அதைத் தாங்குவீங்க?"

"அது என் பாடு சார். எங்க வீட்டுல அவ மூஞ்சி சரியா விழுந்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. எத்தனை மீட்டர் துணி தைக்கணும் சொல்லுங்க, சும்மாவே தைச்சுத் தர்றேன். அந்த ஷாட்டை மட்டும் வெட்டாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தயாரிப்பாளரும் ஒத்துக்க மாட்டார்மா. நடிச்ச பொண்ணு நிஜமாவே போயிட்டான்னு தெரிஞ்சா ஊரே அதைத்தான் பேசும். நாடகத்துல அவ வர்றதே இல்ல. யோசிச்சுப் பார்த்தா அதுதான் சரியாவும் இருக்கு."

"அப்போ என் பொண்ணு எதுக்கு சார் நனைஞ்சா?"

டீ டம்ளரைப் பார்த்தபடி, மற்றவர்கள் கேட்டதையே அவரும் கேட்டார். "என்மேல உங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லையே?"

மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"இருக்கு சார்" என்றாள். "உங்க எல்லார் மேலயும் இருக்கு. ஆனா அதைச் சொல்ல எனக்கு வாயில்ல. ரெண்டாம் நாள் ஷூட்டிங்குக்குக் கிளம்பறப்ப, உடம்பு சுடுதும்மா, இன்னிக்குப் போக வேணாமேன்னு சொன்னா. கையைக்கூடத் தொட்டுப் பார்க்கல சார் நான். இவ்ளோ பெரிய சான்ஸ், நீ போகலைன்னா கன்டினியூட்டி கெட்டுடும், எந்திரிடின்னு போர்வையை இழுத்தேன்."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"நீங்கெல்லாம் எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. நான் யார் வீட்டுக்குப் போய்ச் சொல்றது சார்?"

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். இயக்குநருக்குப் போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. ஆறிய டீயைப் பிடித்தபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.