ஓரெஸ்ட்டுக்கு ஸ்பான்சர் கிடைத்தது

டன்ராவன் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது ஓரெஸ்ட் கொவால் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். விதைப்பு இயந்திரம் செய்து விற்கும் அந்தக் கம்பெனியைத் தெரியாத விவசாயி கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கிடையாது. எழுந்திருக்கிற அவசரத்தில் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டார். ஆனால் இப்படிப்பட்ட போன்களை எடுத்து எடுத்துச் சலித்துப்போனவர் மாதிரி, "ம்ம், சொல்லுங்க" என்றார்.

பேசியவள் கெண்ட்ரா, கம்பெனியின் விளம்பரப் பிரிவு. "உங்க 'நேர்கோடு' ப்ராஜெக்டுக்கு நாங்க ஸ்பான்சர் பண்ணலாம்னு இருக்கோம் சார்."

நேர்கோடு என்பது டிராக்டரைத் தானாக நேராக ஓட்டும் மென்பொருள். அதற்கென்று கடையில் விற்கிற கருவியின் விலையைக் கேட்டுக் கடுப்பாகி, பனி கொட்டிய ஒரு குளிர்காலத்தில் ஓரெஸ்ட் தானே எழுத ஆரம்பித்தது. எழுதியதை இணையத்தில் போட்டார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு வேண்டாம். போலந்திலும் பிரேசிலிலும் விவசாயிகள் அதை எடுத்துத் தங்கள் டிராக்டரில் ஏற்றிக்கொண்டார்கள். அதில் ஒரு கோளாறும் கூடவே போனது. வயலின் ஓரத்தில் திரும்பியதும் டிராக்டர் பாம்பு மாதிரி ஒரு நெளி நெளிந்துவிட்டுத்தான் கோட்டைப் பிடிக்கும். உலகம் முழுக்க அதற்கு "கொவால் நெளிவு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் ஓரெஸ்ட்டுக்குக் கோபம் வந்தது. பிறகு, ஏதோ ஒன்றுக்காவது தன் பெயர் நிலைத்ததே என்று சமாதானமாகிவிட்டார்.

இப்போது சிக்கல் வேறு. பயனர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தின் உச்சியில் ஓரெஸ்ட்டே எழுதி ஒட்டிய பிரகடனம் ஒன்று இருந்தது. "எந்தக் கம்பெனியின் தொப்பியும் நம் தலையில் ஏறாது" என்று அது முடியும். எழுதிய அன்று அதை மனைவி மார்லினிடம் நாலு தடவை படித்துக் காட்டியிருந்தார்.

"அப்ப வேண்டாம்னு சொல்லிட்டியா?" என்றாள் மார்லின்.

"யோசிக்கிறேன்னு சொன்னேன்."

"எவ்ளோ நேரம் யோசிச்ச?"

"போன்லயே யோசிச்சு முடிச்சிட்டேன்."

அன்றிலிருந்து அவர் நிபந்தனைகள் தயாரிக்கத் தொடங்கினார். என் நிரலில் யாரும் கை வைக்கக்கூடாது. எங்கள் சுதந்திரத்தை விலை பேசக்கூடாது. மாட்டுக் கொட்டகையில் நின்று இவற்றைக் கணீரென்று சொல்லிப் பழகினார். மாடுகள் ஒன்றும் மறுப்பு சொல்லவில்லை. கெண்ட்ராவிடம் சொன்னபோது அவளும் மறுக்கவில்லை. "சரி சார். திரை திறக்கும்போது ஓரத்துல எங்க பேரு சின்னதா வந்தா போதும்" என்றாள். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் வீரம் வீணானதில் ஓரெஸ்ட்டுக்கு உள்ளூர ஏமாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பிர்கிட்டேயுடன் வீடியோவில் பேசினார். பிர்கிட்டே டென்மார்க்கில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவள். ஊர் ஊராக அனுப்புகிற திருத்தங்களையெல்லாம் பார்த்து, தப்பைக் களைந்து, ஒன்றாகச் சேர்ப்பது அவள்தான்.

"ஓரெஸ்ட், அந்தக் கெண்ட்ரா எனக்கும் போன் பண்ணாங்க. ஸ்பான்சர் எதுக்குன்னா..."

"தெரியும், தெரியும். நான் பேசி முடிச்சிட்டேன். ஜனவரி விவசாயக் கண்காட்சியில மேடையில வச்சு அறிவிக்கிறாங்களாம். நான் என்ன பேசப்போறேன்னு கேளு" என்று ஆரம்பித்தவர், அவள் வீட்டு அடுப்பில் ஏதோ தீய்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

கெண்ட்ரா ஒப்பந்தத்தையும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். ஓரெஸ்ட் முதல் பக்கத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதோடு மூடிவிட்டுப் புதுக் கோட்டு வாங்கப் போனார்.

ஜனவரியில் கண்காட்சி. கூடம் நிறைய விவசாயிகள். கெண்ட்ரா வாசலிலேயே வரவேற்று, டன்ராவன் என்று எழுதிய பச்சைத் தொப்பி ஒன்றை நீட்டினாள். மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று ஓரெஸ்ட் அதைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

"டேய், தொப்பி ஏறிடுச்சு போல?" என்றான் பக்கத்துப் பண்ணை லோர்ன்.

"குளிருதுடா."

"உள்ள ஹீட்டர் போட்டிருக்கான்டா!"

மேடையில் கம்பெனித் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த ப்ராஜெக்ட தோள்ல தூக்கிச் சுமக்கிற ஒருத்தர் இருக்காங்க. எந்தப் பேரும் எதிர்பார்க்காம வருஷக்கணக்கா உழைச்சவங்க."

பேர் எதிர்பார்க்காமல் என்ற இடம் ஓரெஸ்ட்டுக்கு லேசாக இடறியது. ஆனாலும் எழுந்துவிட்டார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதையில் பாதி தூரம் வந்துவிட்டார்.

"இனிமே அவங்க முழுநேரமும் இதையே பார்க்கலாம், அவங்க சம்பளம் எங்க பொறுப்பு. டென்மார்க்லேருந்து, பிர்கிட்டே!"

பின்னாலிருந்த பெரிய திரையில் பிர்கிட்டேயின் முகம் வந்தது. கைதட்டல் எழுந்தது. நடைபாதையில் நின்ற ஓரெஸ்ட்டுக்கு முன்னே போகவும் வழியில்லை, திரும்பி உட்காரவும் முகமில்லை. காபிக்காகத்தான் எழுந்தேன் என்பது போல வலது பக்கம் திரும்பினார். அங்கே காபி இல்லை. பருப்பு விதை வியாபாரியின் கடை இருந்தது. ஒரு பிடி மைசூர்ப் பருப்பை அள்ளி, வாழ்நாளில் பருப்பையே பார்க்காதவர் மாதிரி உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"எவ்ளோ வேணும் சார்?"

"சும்மா பாக்குறேன்."

திரையிலிருந்து பிர்கிட்டேயின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ஓரெஸ்ட் அங்க இருக்காரா? அவர் எழுதலன்னா நாங்க யாருமே இல்ல. ஓரெஸ்ட், எங்க இருக்கீங்க?"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. பச்சைத் தொப்பியும் புதுக் கோட்டும் கை நிறையப் பருப்புமாக நின்ற ஓரெஸ்ட், வேறு வழியில்லாமல் அந்தக் கையையே தூக்கி ஆட்டினார். பருப்பு மழையாகக் கொட்டியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் அது இணையப் பக்கத்தில், அவருடைய பிரகடனத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது.

திரும்பும் வழியில், கூட வந்திருந்த மார்லின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓரெஸ்ட் சாலையையே பார்த்தபடி ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"வலிக்குதா?"

"ம்."

"உன்னைவிட அவதான் நிறைய செஞ்சிருக்கான்னு நீயே சொல்வியே."

"சொல்லியிருக்கேன். ஆனா அதெல்லாம் வீட்டுக்குள்ள சொன்னது."

அவள் கையை எடுத்து அவர் முழங்கால்மேல் வைத்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்தாளு கேட்டான், எவ்ளோ வேணும் சார்னு" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

பிர்கிட்டே உருளைக்கிழங்கைத் தம்பியிடம் விட்டுவிட்டு முழுநேர வேலையில் இறங்கினாள். முதல் காரியமாக நெளிவைச் சரிசெய்தாள். மே மாதம் கோதுமை விதைக்கும்போது ஓரெஸ்ட் புதுப் பதிப்பை ஏற்றிப் பார்த்தார். டிராக்டர் ஓரத்தில் திரும்பியது, ஒரு அசைவில்லாமல் கோட்டைப் பிடித்தது. இறங்கி நின்று விதைத்த வரிசையைப் பார்த்தார். குறை சொல்ல எதுவுமில்லை. அவளைக் கூப்பிட்டார்.

"ரொம்ப நேரா போகுது" என்றார், புகார் மாதிரி.

"அதுக்குத்தானே எழுதினீங்க?"

"ஆமா. நல்லாருக்கு, பிர்கிட்டே. நெஜமாவே நல்லாருக்கு." பிறகு கேட்டார், "இனிமே நான் என்ன பண்றது?"

"எழுதுங்க. எல்லாரும் அனுப்புற மாதிரி அனுப்புங்க. நான் பாத்து சேத்துக்கிறேன்."

எல்லாரையும் மாதிரி. அந்த வார்த்தை இறங்க இரண்டு நாளானது. பிறகு, டிராக்டர் வயலிலுள்ள கல் குவியலைச் சுற்றிப்போவதற்கான நிரல் ஒன்றை எழுதி அனுப்பினார். ரொம்ப அருமையாக வந்திருப்பதாக மார்லினிடம் சொன்னார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் பதில் வந்தது. பிர்கிட்டே எட்டு இடத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். கடைசிக் குறிப்பு: "கல்லுக்கு இந்தப் பக்கம் போகுது, சரி. கல்லு ரெண்டு இருந்தா?"

"ரெண்டு கல்லாம்!" என்று தட்டைத் தள்ளினார் ஓரெஸ்ட். "நம்ம நிலத்துல எங்க ரெண்டு கல்லு இருக்கு?"

மார்லின் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

ஓரெஸ்ட் பார்த்தார். தட்டிலிருந்த பெரோகிக் கொழுக்கட்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கணினியை முன்னால் இழுத்து, மூன்றாவது வரியிலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.