ஆட்சேபணை இல்லை

சென்னையில் பொதுக்கொள்கை முதுகலை படித்த ஷமீராவின் வகுப்பில் எல்லோரும் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். மற்றவர்கள் டெல்லி, ஹைதராபாத் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் மட்டும் தஞ்சாவூரைக் கேட்டாள். பேராவூரணிக்காரிக்குத் தன் மாவட்டத்தில் வேலை செய்ய ஆசை. அதோடு, கிடைத்ததும் ஆட்சியர் அலுவலகத்தின் சுற்றுச்சூழல் பிரிவு.

அலுவலகத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். மேலே பெரிதாக அரசு முத்திரை. அதற்குக் கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்தில், ‘பயிற்சி மாணவி’.

கடலோரத்தில் ஓர் இறால் பண்ணை, கூடுதலாக அறுபது ஏக்கரில் குட்டை வெட்ட அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் ஜூன் பத்தாம் தேதிக்குள் எழுதித் தரலாம் என்று அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் போய் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி பிரிவு அதிகாரி நெடுமாறன் அவளை அனுப்பினார்.

ஐந்தாவது ஊர் பனையடிக்காடு. கால்வாய்த் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடை. அங்கே அம்சம் என்ற பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் வயலுக்குப் போனாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் தகப்பன் காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அவளும் புருஷன் காத்தானும் இருபது வருஷம் உழைத்து வாங்கியது அந்த மூன்று மா நிலம், அதாவது ஓர் ஏக்கர்.

“இந்தா, இதை வாயில வச்சுப் பாரு,” என்று போர்வெல்லில் வந்த தண்ணீரைக் கையில் ஏந்தி நீட்டினாள்.

ஷமீரா வைத்துப் பார்த்தாள். கரித்தது.

“இருக்கற குட்டைக்கே இப்பிடி. போன சம்பால நாத்து நுனியெல்லாம் செவந்து போச்சு. இன்னும் அறுபது ஏக்கர் வெட்டுனா நாங்க எங்க போறது?”

நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று அம்சத்திடம் தயாராக இருந்தது. வீடு வீடாக ஏறி அவளே வாங்கியது. மறுநாள் தஞ்சாவூர் போய் நேரில் கொடுப்பதாக இருந்தாள். பட்டுக்கோட்டை போய், அங்கே பஸ் மாறி, போக வர ஒரு நாள் போய்விடும்.

“எதுக்குக்கா அலையறீங்க? நான் அங்கதானே போறேன், குடுங்க. என் ரிப்போர்ட்டோட சேர்த்து வச்சுடறேன்,” என்றாள் ஷமீரா.

காத்தான் தயங்கினார். “நேர்ல குடுத்தா ரசீது தருவாங்கல்ல?”

“அட, ஆபீஸ்லேருந்தே வந்திருக்கு இந்தப் பொண்ணு. இதுக்கு மேல என்ன ரசீது?” என்று அம்சம் அவரை அடக்கிவிட்டு மனுவைக் கொடுத்தாள். கூடவே ஒரு பை நிறைய வெள்ளரிப் பிஞ்சும்.

ஷமீரா மூன்று நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். மனுவை ‘இணைப்பு ஐந்து’ என்று பின்னால் வைத்து, ஆறாம் தேதி நெடுமாறன் மேஜையில் வைத்தாள். அவர் மேட்டூர் தண்ணீர் திறப்பு வேலையில் ஓடிக்கொண்டிருந்தார். “வைங்கம்மா, பாக்கறேன்,” என்றார்.

ஜூன் கடைசியில் கையெழுத்தாகி ஆணை வந்தது. ஊர்களுக்கு அனுப்ப வேண்டிய தட்டச்சுப் பிரதியைச் சரிபார்க்க அவளிடமே கொடுத்தார்கள். ஊர்வாரியான பட்டியலில் ஐந்தாவது வரி: பனையடிக்காடு, ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை. அனுமதி வழங்கப்படுகிறது.

அவள் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுமாறனிடம் ஓடினாள்.

அவர் அவளுடைய அறிக்கையைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். “இணைப்பு மனு ஆகாதும்மா. தபால் பிரிவுல குடுத்து, சீல் போட்டு, நம்பர் விழுந்தாத்தான் அது வந்ததாக் கணக்கு.”

“யாரும் எனக்குச் சொல்லலையே சார்.”

“நீங்க மனு வாங்கிட்டு வருவீங்கன்னு நான் நினைக்கலையே. நானும் உடனே பாத்திருக்கணும்.”

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அந்த மக்களை வரவேண்டாம் என்று சொன்னது நான்தான், தவறு என்னுடையது, மனுவை ஏற்க வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நெடுமாறன் இரண்டு முறை படித்தார். திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“இதனால ஒண்ணும் ஆகாதும்மா. பயிற்சி மாணவி சொன்னது ஆபீஸ் சொன்னதாகாது. சட்டப்படி நீங்க இங்க யாருமில்ல. அவங்க மேல்முறையீடு போகலாம். முப்பது நாள் டைம் இருக்கு.”

அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பனையடிக்காட்டுக்குப் போனாள். அம்சம் நாற்றங்காலுக்குச் சேறு மிதித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் சிரித்தாள். “என்னம்மா, நல்ல சேதியா?”

ஷமீரா வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அம்சம் சேற்றில் நின்றபடியே கேட்டாள்.

“அப்ப, நாங்க எதுவுமே சொல்லலன்னு எழுதியிருக்காங்க?”

“ஆமாக்கா.”

“நாப்பத்தோரு பேரும் சும்மா இருந்தோம்னு?”

ஷமீரா தலையசைத்தாள்.

“உன் மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்,” என்றாள் அம்சம். “நீ நல்லதுதான் நெனச்ச. ஆனா நீ வராமயே இருந்திருக்கலாம். நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருப்பேன்.”

மேல்முறையீட்டுக்கு ஷமீராவே காகிதம் எழுதிக் கொடுத்தாள். அம்சம் மறுபடியும் வீடு வீடாக ஏறினாள். இந்த முறை ஒன்பது பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். போன மனுவை எவளிடமோ தூக்கிக் கொடுத்தவள்தானே என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆட்சேபணையை உரிய நாளுக்குள் தெரிவிக்கவில்லை என்று மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஐப்பசியில் குட்டை வெட்டப் பொக்லைன் வந்து இறங்கியது.

ஷமீரா வாரம் ஒரு முறை அம்சத்துக்குப் போன் செய்தாள். பாதி நாள் எடுக்கமாட்டாள். தை பிறந்த பிறகு ஒருநாள் எடுத்தபோது பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன.

“திருப்பூர்ல இருக்கோம்மா. வயலைக் குட்டைக்காரங்களுக்கே குத்தகைக்கு விட்டாச்சு. அவருக்குத்தான் இங்க தூக்கமே வரல.”

“அக்கா, நான் அன்னிக்கு…”

“வேணாம். அந்தப் பேச்சை எடுக்காத. எனக்கும் உனக்கும் பேச வேற எதாவது இருந்தா பேசு.”

ஷமீரா போனைக் காதில் வைத்தபடி விடுதி மாடியில் நின்றாள். வேறு என்ன பேசுவது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்சமும் உடனே வைத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேர் காதிலும் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.