புதன்கிழமை மட்டும் மறுக்கும் ராஜா

நீல ராஜா தன் துறைமுகத்தை எனக்குத் தூக்கிக் கொடுத்த அன்று மத்தியானம், சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் அவனைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினேன். முதுகெலும்பில்லாதவன், சொல்புத்தியும் இல்லை சுயபுத்தியும் இல்லை, இவனுக்கெல்லாம் ஒரு கிரீடம் என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “பாவம், கேட்டா குடுத்துட்டுப் போறான்” என்றார். பொதுவாகவே அவர் அளந்துதான் பேசுவார்.

நீல ராஜா கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவன். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது, பொழுது போகட்டும் என்று என் லேப்டாப்பில் நாடு பிடிக்கிற விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். தன் அப்பாவின் பின்னறைக் கம்ப்யூட்டரிலும் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. ஆட்டத்தில் நான் சிவப்பு மகாராணி. எதிரே ஐந்து ராஜாக்கள், ஐந்து பேரையும் ஆட்டிவைப்பது கம்ப்யூட்டர். நான் ஒரு முறை ஆடினால் அவர்கள் ஒவ்வொருவராக ஆடுவார்கள். பிறகு மறுபடியும் என் முறை.

எல்லோரும் படையைக் கொண்டுபோய் முட்டி மோதித்தான் நாடு பிடிப்பார்களாம். எனக்கு அந்த வேலை பிடிக்காது. ஆள் சாகும், குதிரை சாகும், பிடித்த ஊரும் பாதி எரிந்துபோய்க் கிடக்கும். எனக்குத் தெரிந்த வழி வேறு. படையை எல்லையில் நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பேன். திரையில் அந்த ராஜாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். வெளுத்ததும் கப்பம் கேட்பேன்.

கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட், வீட்டு முன்னறைதான் என் சிகிச்சைக்கூடம். கட்டுப் பிரித்ததும் முழங்கால் மடங்காமல் வருகிறவரிடம் முதலில் அவரால் முடியவே முடியாத அளவுக்கு மடக்கச் சொல்வேன். ஐயோ என்பார். சரி, போனால் போகிறது, இவ்வளவாவது மடக்குங்கள் என்று இறங்கி வருவேன். அந்த ‘இவ்வளவாவது’தான் எனக்கு முதலிலிருந்தே வேண்டியது. ராஜாக்களிடமும் அதே வைத்தியம்தான். தலைநகரைக் கேட்பேன், கொதிப்பான். சரி, அந்த இரும்புச் சுரங்கமாவது என்பேன், கொடுத்துவிடுவான். கொடுத்தவனிடம் அன்றைக்கே மறுபடி கேட்கக் கூடாது. நாலு மூட்டை கோதுமையைப் பரிசாக அனுப்பி முகம் தெளியவிட வேண்டும். தெளிந்த பிறகு, நண்பனாயிற்றே என்று அன்பளிப்புக் கேட்கலாம்.

இப்படி மஞ்சள் ராஜாவிடம் உப்பளம் வாங்கினேன். எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கும் பச்சை ராஜாவிடம், அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்திருந்தேன், வருஷா வருஷம் யானை வாங்கினேன். இவர்கள் கொடுப்பதற்கு மூன்றே காரணங்கள் உண்டு. பயம், பாசம், இல்லாவிட்டால் இன்னொருவனோடு சண்டை போட்டு வந்த களைப்பு. எது என்று கண்டுபிடித்துவிட்டால் ஆளைக் கறந்துவிடலாம்.

நீல ராஜாதான் பிடிபடவில்லை. அவன் எல்லையில் படையை நிறுத்தாமலே கேட்டுப் பார்த்தேன், கொடுத்தான். திட்டிவிட்டுக் கேட்டேன், அதற்கும் கொடுத்தான். குதிரை லாயம், கோதுமை வயல், சுரங்கம் எல்லாம் ஒவ்வொன்றாக என் பக்கம் வந்தன. ஆனால் அவன் முறை வரும்போது மட்டும் ஆட்டம் ரொம்ப நேரம் நிற்கும். கம்ப்யூட்டர் திணறுகிறது போலிருக்கிறது என்று, “சீக்கிரம் ஆடுடா மக்கு” என்று முன்னறையிலிருந்து கத்துவேன். இன்னொரு விநோதமும் உண்டு. புதன்கிழமைகளில் மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிடும். எது கேட்டாலும் முகத்தில் அடித்தாற்போல மறுப்பான். விளையாட்டைச் செய்தவன் வேண்டுமென்றே வைத்த குறும்பு என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமைகளில் அவனிடம் கேட்பதையே விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரரும் புதன்கிழமைகளில் வீட்டில் இருக்கமாட்டார். மீசையைப் பார்க்கப் போவார். மீசை அவரோடு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் கிரீஸும் ஸ்பேனருமாக ஊரிலுள்ள மாடிக் கட்டடம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவர்கள். ஓய்வு பெற்ற பிறகு மீசைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கடலோர ஊர் ஒன்றில், லிஃப்ட் வேலை கற்றுக்கொடுக்கும் பட்டறை ஆரம்பிக்கப் போவதாகவும், கூட வந்து இரண்டு வருஷம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று இவரைக் கூப்பிடுவதாகவும் சில வாரங்களுக்கு முன் இவரே சொன்னார். போகட்டுமா என்று கேட்டார். நான் ஒரு நோயாளிக்குத் தோள்பட்டையைத் திருகிக்கொண்டிருந்தேன். பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். மகளுக்குக்கூட ஐந்து வயதிலேயே அது தெரியும். அவரும் சரி என்று பின்னறைக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். பழைய லிஃப்ட் வீடியோ பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகம் கிடைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் இரண்டு முறை கேட்கக் கூடாது என்பது நானே வகுத்த விதி. அதையும் மீறி, சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் உட்கார்ந்து, அவனிடம் மிச்சமிருந்த ஒரே ஊரான மலையூரையும் கேட்டு அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்கும்போது மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்த பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“விளையாட்டுல யாரும்மா ஜெயிக்கறது? நீயா, அப்பாவா?”

அப்பா எங்கே விளையாடுகிறார் என்றேன்.

“என்னம்மா, நீல ராஜா அப்பாதானே?”

அவளே மேலே மேலே சொல்லிக்கொண்டு போனாள். அம்மா ஆடுகிற ஆட்டத்தில் எப்படிச் சேர்வது என்று அப்பா போன் செய்து கேட்டாராம். நடுவில் புது ராஜாவாக வர முடியாது, கம்ப்யூட்டர் ஆடுகிற ஏதாவது ஒரு ராஜாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று இவள் வழி சொன்னாளாம். அவர் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரே அந்த ராஜாவைப் பார்த்துக்கொள்ளுமாம். ஆள் உட்கார்ந்திருந்தால் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், பார்த்ததே இல்லையா என்று சிரித்தாள்.

பார்த்திருக்கிறேன். அது கிரீடத்தில் பதித்த மரகதம் என்று நினைத்திருந்தேன்.

போனை வைத்த பிறகும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை, கோதுமை, சுரங்கம், துறைமுகம் எல்லாம் அவருடையது. மக்கு என்று நான் கத்தியது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். முதுகெலும்பில்லாதவன் என்று அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அவரிடமே சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. புதன்கிழமை அவர் மீசை வீட்டுக்குப் போய்விடுவார், நாற்காலியில் இருந்தது கம்ப்யூட்டர். மறுத்ததெல்லாம் அந்த இயந்திரம்தான். உயிருள்ள மனுஷன் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோபம் வந்தது. எனக்கு எது வந்தாலும் கடைசியில் அதுவாகத்தான் வந்து நிற்கும். இத்தனை நாள் என்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று எழுந்து விறுவிறுவென்று பின்னறைக்குப் போனேன்.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. நான் பின்னால் நிற்பது தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே வரைபடம்தான், ஆனால் நான் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. எங்கு பார்த்தாலும் சிவப்பு. நடுவில் நீலமாக ஒரு சின்ன மலையூர், அதைச் சுற்றிலும் என் கூடாரங்கள். திரையின் பாதியை ஒரு பெண்ணின் முகம் அடைத்துக்கொண்டிருந்தது. புருவத்தைத் தூக்கி, உதட்டைச் சுழித்து, கீழே பார்க்கிற முகம். சிவப்பு மகாராணி என்று எழுதியிருந்தது. நான் ஒரு பொத்தானை அழுத்தி மலையூர் வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். இங்கே அவள், ‘எம் படைகள் உன் வாசலில் நிற்கின்றன. கொடுத்துப் பிழைத்துக்கொள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடியில் இரண்டு பொத்தான்கள், கொடு என்று ஒன்று, மறு என்று ஒன்று. நான் கேட்ட ஒவ்வொரு முறையும் இந்த முகம்தான் இவர் எதிரே வந்து நின்றிருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அவர் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தார், ஹெட்ஃபோனைக் கழற்றினார். திருட்டு முழி எதுவும் இல்லை.

“மக சொல்லிட்டாளா?” என்றார்.

ஏன் எல்லாவற்றையும் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பயமா, பாசமா, களைப்பா என்றுகூடக் கேட்டேன். அந்தப் பட்டியலைத் தவிர எனக்கு வேறு தெரியாது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

“நான் அங்க நாடு பிடிக்க வரலை. வீட்ல நீ எங்கிட்ட எதுவும் கேக்கறதில்லை, சொல்லிடுவே. அங்கதான் வந்து கேட்டே. கேக்கறாளேன்னு குடுத்தேன்.”

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பதிலுக்குத் திட்ட எனக்குத் தெரியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது காலில் ஏதோ இடித்தது. அவருடைய பழைய கருவிப் பை. ஓய்வு பெற்ற அன்று பரணில் ஏற்றியது, இப்போது தூசி தட்டி, ஸ்பேனர்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி, வார் பூட்டி வைத்திருந்தது. நான் பையைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“திங்கக்கிழமை கிளம்பறேன். மீசைகிட்ட சரின்னு சொல்லிட்டேன்.”

என்னைக் கேட்காமலா என்றேன்.

“கேட்டேனே. பாக்கலாம்னு சொன்னியே.”

அதற்கு அர்த்தம் தெரியாதவர் இல்லை அவர். தெரிந்தேதான் கிளம்புகிறார். எந்த ராஜா எதற்காகக் கொடுக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கையை ஒழித்துக்கொள்கிறவனுக்கு, புறப்படுகிற எண்ணம் என்று நாலாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரையில் மகாராணி இன்னும் உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி, மறு என்பதை அழுத்தினார். முன்னறையில் என் லேப்டாப்பிலிருந்து கொம்பு ஊதுகிற சத்தம் கேட்டது. புதன்கிழமைகளில் கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இந்த முறை தூக்கிவாரிப்போட்டது.

“மலையூர் இருக்கட்டும்” என்றார். “நான் போனதும் கம்ப்யூட்டர்தானே உங்கூட ஆடணும். அதுக்கு ஒரு ஊராவது வேணாமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. போகக் கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவர் போகாமல் இருந்திருக்கவும் கூடும். படையை எல்லையில் நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாததா. அந்த மகாராணியின் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அங்கே தங்க இடம் எப்படி என்று கேட்டேன். பட்டறைக்கு மேலேயே இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் கடல் என்றார். அந்த ஊரிலும் முழங்கால் மடங்காதவர்கள் இருப்பார்கள் இல்லையா என்று கேட்டேன். எல்லா ஊரிலும் இருப்பார்கள் என்றார்.

பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாயால் கேட்டேன்.

“நானும் வரட்டுமா?”

உடனே சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருக்கிறதா தெளிந்திருக்கிறதா என்று என்னால் படிக்க முடியவில்லை. குனிந்து கருவிப் பையின் வாரை இன்னொரு துளை இறுக்கினார். ஹெட்ஃபோனை எடுத்து மேசை ஓரத்தில் ஒழுங்காக வைத்தார்.

“பாக்கலாம்” என்றார்.