சோபாவுக்கு மேலே கருப்பன்

லோகன் கடைசியாகக் கீழே இறங்கியது மார்ச் மாதம், மருத்துவமனைக்குப் போவதற்காக. நான்காவது மாடி வீடு, கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அண்டை வீட்டு ஆண்கள் நான்கு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினால்தான் அவனுக்குப் பண்டமாரான் தெரு. மற்ற நாள்களில் ஹால், அறை, சன்னல்.

ஆறு வருடங்களுக்கு முன்பு வரை சுங்கை பூலோ பக்கம் ஒரு லாயத்தில், பந்தயக் குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்கும் வேலை அவனுக்கு. ஒருநாள் கருப்பன் என்ற குதிரையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தங்கை குமுதா தெலுக் பங்லிமா காராங்கில் பார்த்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொள்ள வந்தாள். பொழுதுபோக வேண்டுமே என்று கறுப்பு மையும் நீர்வண்ணமும் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

குதிரையின் உடம்பு அவன் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரே இழுப்பில் கழுத்து வளையும். ஈரத் தாளில் பழுப்பு தானாகப் பரவித் தொடையாகும். வயிற்றின் பளபளப்புக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவான். குமுதா படங்களை இணையத்தில் போட்டாள். முதலில் யாரும் சீண்டவில்லை. பிறகு அவள் ஒரு வரி சேர்த்தாள்: 'தன்னைத் தள்ளிவிட்ட குதிரையை மன்னித்தவர் வரைந்தது.' அன்றிலிருந்து கோலாலம்பூர் முழுக்க ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் குதிரைகள் போயின. வாங்கியவர்கள் கேட்டதெல்லாம் அவன் கால்களைப் பற்றித்தான்.

ஜூலையில் புக்கிட் திங்கியிலிருந்து மாதவி என்ற பெண்மணி போன் செய்தார்.

"தம்பி, புது வீடு. சோபாவுக்கு மேல நாலடிக்குப் படம் வேணும். உங்கள தள்ளிவிட்டுச்சே, அந்தக் குதிரையவே வரைங்க."

"அது வேணாங்க. வேற குதிரை வரைஞ்சு தரேன்."

"அதுதான் வேணும் லா."

போனை வைத்ததும் குமுதா கேட்டாள், "ஏன்ணே? நாப்பது குதிரை வரைஞ்சிட்ட. இத மட்டும் ஏன் மாட்டேங்குற?"

காரணத்தைச் சொன்னால் அன்று காலை நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். அதனால் வரைந்தான்.

மழை நாள்கள். தாள் காயவே மாட்டேன் என்றது. நெற்றி, காது, மார்பு எல்லாம் வந்துவிட்டன. சேணத்தை வயிற்றோடு இறுக்கும் வாரை வரைய வேண்டிய இடத்தில் கை நின்றது. இரண்டு நாள் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வாரைப் போட்டான், கொக்கி மாட்டும் ஓட்டை பார்த்து, இறுக்கமாக.

மாதவி படத்தை எடுத்துப் போக வந்தபோது நான்கு மாடி ஏறிய மூச்சு அடங்கவில்லை. படத்தின் முன் நின்று, "ஐயோ, கண்ண பாருங்களேன்!" என்றார். "இது செஞ்ச காரியத்துக்கு அப்புறமும் இத இவ்ளோ அழகா வரைய எப்படித் தம்பி உங்களுக்கு மனசு வந்துச்சு?"

"கருப்பன் என்னைத் தள்ளல," என்றான் லோகன்.

அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த குமுதாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"குதிரை மேல ஏறினதும் கொஞ்ச தூரம் நடத்திட்டு வாரைத் திரும்ப இறுக்கணும். அன்னைக்கு லேட்டா போனேன். டிரெய்னர் கத்துனாரு. இறுக்காம ஓட்டிட்டேன். சேணம் சரிஞ்சுச்சு, நான் விழுந்தேன். வயித்துக்குக் கீழ சேணம் தொங்கவும் அது மிரண்டு ஓடி வேலியில மோதிருச்சு. முன்னங்கால் உடைஞ்சுபோச்சு. அன்னைக்கே ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் குதிரை தள்ளிருச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

மாதவி அவன் தோளைத் தட்டினார்.

"பாவம் தம்பி. ஆனா இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அந்தக் கதைதான் நல்லாருக்கு."

படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

குமுதா ஆறிய தேநீரை மேசையில் வைத்தாள். "ஆறு வருஷம்ணே," என்றாள். "எத்தனை தடவ அந்தக் குதிரைய என் வாயால திட்டியிருக்கேன். நீ கேட்டுக்கிட்டுதானே இருந்த?"

"சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்தேன்."

அவள் அறைக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வெளியே வந்து, இணையத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த வரியை அழித்தாள். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மாதம் இரண்டே பேர்தான் படம் கேட்டார்கள். ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் கண் கிளினிக் வைத்திருப்பவர். "குட்டியோட ஒரு பெண் குதிரை கிடைக்குமா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார், கால்களைப் பற்றிக் கேட்கவில்லை.

மாதவி வாட்சாப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வெள்ளைச் சுவரில், சாம்பல் நிற சோபாவுக்கு மேலே கருப்பன். சட்டத்துக்குக் கீழே பித்தளைத் தகடு. குமுதா விரலால் பெரிதாக்கிப் படித்தாள். தன்னைத் தள்ளிவிட்ட குதிரையை மன்னித்தவர் வரைந்தது. அவளே எழுதிய வரி.

"எடுக்கச் சொல்லு," என்றான் லோகன்.

அவள் எழுதினாள். 'ஆன்டி, ப்ளீஸ், அந்தத் தகட்டைக் கழட்டிடுங்க. கருப்பன் ஒரு தப்பும் பண்ணல.' படித்துவிட்டார் என்று காட்டும் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. மறுநாள் கேட்டாள். அதற்கும் இல்லை.

"திரும்பக் கேக்கட்டுமாண்ணே?"

"கேளு," என்றான். "நாளைக்கும் கேளு."