விசாரணை அதிகாரியின் வீடு

"தாழ்ப்பாள் போடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

குளியலறைக்குள் இருந்த மனைவி தாழ்ப்பாளை மெல்ல விலக்கிவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தாள். சிறைக்காவலனான அவள் கணவன் கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். சிறையின் தனிக்கொட்டடியில் ஒரு கைதிப் பையன் செத்ததிலிருந்து இப்படித்தான். இரும்பு உரசினால் உடம்பு தூக்கிப்போடும். தெருக்கதவைக்கூடச் சாத்த விடுவதில்லை.

"விசாரணை அதிகாரியாம். காதைப் பொத்திக்கிட்டே விசாரிப்பீங்களா?"

அந்தச் சிறையில் அதுதான் வழக்கம். உள்ளே யாராவது செத்தால், விசாரிக்கிற அதிகாரியைச் சூப்பிரண்டே தன் காவலர்களில் பார்த்துப் பொறுக்குவார். வெளிப்போலீஸ் வாசலோடு சரி. இன்று காலை இவன் தோளைத் தட்டியிருந்தார்.

"வழுக்கி விழுந்தான்னு சொன்னா முடிஞ்சுது. பெரிய குவார்ட்டர்ஸ் கெடைக்கும்டி."

"அங்கயும் நீங்கதானே தூங்கணும்? தண்ணி தண்ணின்னு அவன் குரல்ல முனகுறீங்க. பக்கத்துல படுக்க எனக்குப் பயமா இருக்கு."

திறந்த வாசலில் நிழல் விழுந்தது. சுண்ணாம்பு தின்ற விரல்களோடு ஒரு சித்தாள். செத்தவனின் தாய்.

"ஐயா, என் மவன் கேஸை நீங்கதான் பாக்குறீங்கன்னு ஜெயில்ல சொன்னாங்க."

நாற்காலியைக் காட்டினான். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு உள்ள யார் யாரு இருந்தாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கய்யா. நீங்க நல்லா இருப்பீங்க."

"விசாரிக்கிறேம்மா."

"கடைசியா அவன் எதாச்சும் கேட்டானாய்யா?"

"ஒண்ணும் கேக்கலம்மா."

மனைவி தலை துவட்டுவதை நிறுத்தினாள். வந்து அந்தத் தாயின் எதிரே குந்தினாள்.

"தண்ணி கேட்டான்க்கா. குடுக்கல. அடிச்சது சூப்பிரண்டு. காலை அமுக்கிப் புடிச்சது இவரு. ரத்தம் பட்ட சட்டையை அலசுனது நான்."

தாய் தரையைத் தடவினாள், எதையோ தேடுகிறவள் மாதிரி.

"அடிச்சவரே விசாரிக்க ஆளைப் போட்டா, அந்த ஆளு வேற என்னக்கா சொல்லுவாரு? வெளியிலேர்ந்து ஒரு அதிகாரியப் போடச் சொல்லிக் கோர்ட்டுல கேப்போம். நான் வந்து சொல்றேன்."

"ஏய், என்னைப் பத்தி நெனச்சியா?" என்றான் அவன்.

அவள் அந்தத் தாயைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

"நெனச்சேன். வர்ற அதிகாரிகிட்ட மொதல்ல நீங்களே பேசிடுங்க. அப்புறமாவது தூக்கம் வரும்."